நூறு ரொட்டியில் முப்பது மிஞ்சினால்...

பேக்கரி நடத்துகிற யாரையாவது 'உங்களுக்கு யார் சார் போட்டி?' என்று கேட்டுப் பாருங்கள். எதிர்வரிசையில் ஏ.சி. போட்டுத் திறந்திருக்கும் கேக் கடையைக் காட்டுவார். தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி ரொட்டி வேனைக் காட்டுவார். மைதா விலை, முட்டை விலை, கரண்ட் பில் என்று அடுக்குவார். நிஜமான போட்டியாளர் அவர் கடைக்குள்ளேயே, கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில், கவர் போட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருப்பார். நேற்றுச் சுட்ட ரொட்டி!

மற்ற வியாபாரங்களில் இந்த அவஸ்தை இல்லை. இரும்புக்கடையில் ஆணி பத்து வருஷம் கிடந்தாலும் ஆணிதான். விலை வேறு ஏறியிருக்கும். ஜவுளிக்கடைக்காரருக்கு ஆடித் தள்ளுபடி இருக்கிறது. இட்லிக்கடைக்காரர் மிஞ்சின இட்லியை உதிர்த்துத் தாளித்தால் உப்புமா. அதற்கும் பத்து ரூபாய் கூட வாங்கலாம். ரொட்டி அப்படியில்லை. அது கெட்டுப்போவது வேறு, கிழடாவது வேறு. பூஞ்சை பூக்க இரண்டு மூன்று நாளாகும். கிழடு தட்டுவதோ அடுப்பிலிருந்து இறங்கி ஆறுகிறபோதே ஆரம்பம். வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறினதும் மறுபடி விறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும் (வீட்டில் சொல்லிவையுங்கள்). கல்லில் போட்டுச் சூடு காட்டினால் கொஞ்ச நேரத்துக்கு இளமை திரும்பும், அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பி.காம். படித்துவிட்டு எழுத்துக்கு வந்தவன். அதனால் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் என் கட்டுரையைப் பற்றிக் கேட்பதே இல்லை. 'ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்னிக்குப் போடணும்?' என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீதியில் பேக்கரி வைத்திருப்பவர். பெயர் வேண்டாம், தெருவும் வேண்டாம். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடையும் கடனும் நிஜம்.

2024 ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள். அம்மா மண்டபத்துக் கூட்டமெல்லாம் வடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அண்ணே என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கடையைக் கைமாத்தி விட்டுடலாம்னு இருக்கேன் தம்பி. பாத்திரம் பண்டம், அடுப்பு எல்லாத்துக்கும் என்ன போகும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க."

"வியாபாரம் இல்லையா?"

"அதுதான் தம்பி வேடிக்கை. சாயந்திரம் வந்து பாருங்க, நிக்க எடமிருக்காது. வியாபாரம் நடக்குது. காசுதான் நிக்க மாட்டேங்குது."

அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. ஆரமும் நாலு வளையலும் பேங்க்கில். உள்ளே வேலை செய்யும் மாஸ்டர் இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே இருப்பவர். அவருக்குக் கீழே இரண்டு பையன்கள். கவுன்ட்டரில் ஒரு பெண். கடை கைமாறினால் புதிதாக வருகிறவர் அங்கே செல்போன் கடை வைப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

கடைக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். விறகு அடுக்கியிருந்த மூலையில் ஒரு சாக்குமூட்டை. பிரித்தால் ரொட்டி, பன், ஓரம் உடைந்த கேக். மாட்டுத் தீவனத்துக்காக வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து கிலோ கணக்கில் எடுத்துப் போகிறாராம். அவர் கொடுப்பது மூட்டை தூக்குகிற கூலிக்குக் கொஞ்சம் மேலே!

காசு ஏன் நிற்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய ஆடிட் தேவையில்லை. இருந்தாலும் அண்ணே நம்பவில்லை. "பேக்கரின்னா மிஞ்சத்தான் தம்பி செய்யும்" என்றார். அதனால் பேப்பரில் போட்டுக் காட்டினேன். நீங்களும் பாருங்கள், பெரிய கணக்கில்லை. அவர் கடைக் கணக்கைப் பத்திரிகையில் போடுவது நாகரிகமில்லை என்பதால் உருண்டையாகச் சொல்கிறேன்.

ஒரு ரொட்டிக்கு மாவு, சர்க்கரை, வனஸ்பதி, விறகு, கவர் எல்லாம் சேர்த்து 28 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். விற்பது 40. சம்பளமும் வாடகையும் தனி. நூறு ரொட்டி போட்டால் செலவு 2,800. நூறும் விற்றால் வரவு 4,000. கையில் 1,200. பதினைந்து ரொட்டி மிஞ்சினால்? வரவு 3,400. கையில் 600. கவனியுங்கள், நூற்றுக்குப் பதினைந்துதான் மிஞ்சியது; லாபத்தில் பாதி போயே போச்சு! முப்பது மிஞ்சினால் வரவு 2,800. செலவும் அதே 2,800. விடிகாலையிலிருந்து அடுப்பில் வெந்ததற்குக் கையில் நயா பைசா கிடையாது. சம்பளமும் வாடகையும் இனிமேல்தான் கொடுக்கவேண்டும்.

இப்போது அதே கடையில் எழுபத்தைந்து ரொட்டி மட்டும் போட்டு எழுபது விற்றால்? செலவு 2,100, வரவு 2,800. கையில் 700. அதாவது விற்பனை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. வேலை குறைந்தது, காசு வந்தது.

அண்ணே பேப்பரை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணி பார்த்துவிட்டு, "இதை நான் பத்து வருஷமா சொல்றேன். பேப்பர்ல எழுதிச் சொல்லலை, அவ்வளவுதான்" என்றார்கள்.

* * *

தெரிந்தும் ஏன் அதிகமாகப் போடுகிறார்கள்? முட்டாள்தனம் இல்லை, பயம். "அலமாரி காலியா இருந்தா, கடை நொடிச்சுப் போச்சுன்னு பேசுவாங்க தம்பி" என்றார் அண்ணே. நம் ஊரில் பேக்கரி என்றால் கண்ணாடிக்குப் பின்னால் பொங்கி வழிய வேண்டும். பச்சை, ரோஸ் கலரில் க்ரீம் கேக், தேங்காய் பன், பிளம் கேக், வெண்ணெய் பிஸ்கட், உப்பு பிஸ்கட், காரா சேவு, முறுக்கு... அந்தச் சின்னக் கடையில் அறுபதுக்கு மேல் அயிட்டம். இத்தனைக்கும் முறுக்கு என்றால் அதற்கென்றே இந்த ஜில்லாவில் மணப்பாறை இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று. அதனோடு போய் இவர் எதற்கு மல்லுக்கட்டுகிறார்?

இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் முக்கியமானது. அந்தக் கடையின் கடிகாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடிகாரம்.

விளக்குகிறேன். திருச்சிக்கு ரொட்டியைக் கொண்டுவந்தது ராணுவ முகாமும் ரயிலும். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ஒர்க்‌ஷாப் 1928-ல் பொன்மலைக்கு வந்தது. கன்டோன்மென்ட், பொன்மலை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், மிஷன் ஆஸ்பத்திரிகள், ஹாஸ்டல்கள்... இவர்களுக்கெல்லாம் விடிந்தால் ரொட்டி வேண்டும். மற்றவர்களுக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்! என் பாட்டி காலத்தில் ஒரு வீட்டு வாசலில் பன் பாக்கெட் தெரிந்தால் 'யாருக்கு உடம்புக்கு?' என்று விசாரிப்பார்களாம். ஆக ஆஸ்பத்திரிக்கும் டீக்கடைக்கும் காலை ஆறு மணிக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். அதற்கு ராத்திரி பதினொரு மணிக்கு மாவு பிசைந்து, இரண்டு மணிக்கு அடுப்பை எரித்து, நாலு மணிக்கு ரொட்டியை இறக்க வேண்டும். பாலக்கரைப் பக்கம் தொழில் கற்ற நம்ம மாஸ்டர், காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்தபோது அந்த டைம்டேபிளையும் கூடவே எடுத்து வந்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் காலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது? வாசலில் கோலம். டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை. கோயிலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள். ரொட்டி வாங்க ஈ காக்கை கிடையாது. இந்தக் கடைக்குக் கூட்டம் வருவது சாயந்திரம் நாலரைக்கு, பள்ளிக்கூடம் விட்டதும். அப்போது அவர்கள் கையில் கொடுப்பது பன்னிரண்டு மணி நேரம் ஆன பன். புதிது வேண்டும் என்கிறவர்கள் கம்பெனி ரொட்டியை வாங்கிப் போகிறார்கள். அதுவும் முந்தின நாள் சுட்டதாக இருக்கலாம், ஆனால் கவரில் தேதி அச்சடித்து மரியாதையாக இருக்கிறதே!

கம்பெனிக்காரர்களுக்கும் இந்த ரோதனை உண்டு என்பது வேறு விஷயம். மத்திய அரசே 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்று ஆரம்பித்து நாடு பூரா ரொட்டி சுட்டது. கட்டவில்லை என்று 2000 ஜனவரியில் 74 சதவீதப் பங்கை 105 கோடி சொச்சத்துக்கு ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்றது. அவர்கள் 2016-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றினார்கள். 2021-ல் அது மெக்சிகோக்காரர்களின் பிம்போ கம்பெனிக்குப் போனது. அரசாங்கம், லீவர் எல்லாம் கைமாற்றிவிட்ட சமாசாரத்தில் ஸ்ரீரங்கத்து அண்ணே திணறினார் என்றால் ஆச்சரியமில்லை.

* * *

சாப்பிடுகிறவர்களின் ஊர்வழக்கத்துக்கு அடுப்பைத் திருப்பியவர்கள்தான் இந்தத் தொழிலில் பிழைத்திருக்கிறார்கள். ஜப்பானில் கிமுரா யாசுபெய் என்று ஒருவர். சாமுராய் உத்தியோகம் போய், 1869-ல் டோக்கியோவில் ரொட்டிக்கடை வைத்தார். அரிசி தின்கிற ஊர், யார் வாங்குவார்கள்? கடை தீவிபத்தில் வேறு போனது. மனுஷர் விடவில்லை. அரிசி மதுவுக்குப் போடும் நொதியில் மாவைப் புளிக்கவைத்து, ஜப்பானியப் பலகாரங்களில் வைக்கும் இனிப்புப் பயறு விழுதை உள்ளே வைத்து, 1874-ல் ஒரு பன் சுட்டார். அடுத்த வருஷம் சக்கரவர்த்தியே சாப்பிட்டார். அந்த பன்னுக்குப் பெயர் 'அன்பான்'! (நம் ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கிறதல்லவா?) கிமுராவின் கம்பெனி இன்னும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்! ஹாசன் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்த எச்.எஸ். திருமலாச்சார், 1898-ல் சிக்பேட்டையில் ஆரம்பித்ததுதான் முதல் ஐயங்கார் பேக்கரி என்கிறார்கள். அவருடைய இனிப்புக்கடைக்கு வாடிக்கையாக வந்த ஒரு வெள்ளைக்காரர் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்ததாகக் கதை. முட்டை போடாமல் சுட்டார். அதனால் அதுவரை பேக்கரி வாசலையே மிதிக்காத கூட்டம் உள்ளே வந்தது. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்று போர்டு. ஸ்ரீரங்கத்தில் ஐயங்கார்களுக்கா பஞ்சம்? இருந்தும் அந்தப் பெயர் பெங்களூரிலிருந்து இறக்குமதி ஆகவேண்டியிருக்கிறது!

இலங்கையில் இன்னொரு விதம். அங்கே ரொட்டிக்குப் பெயர் பாண், சுடுகிற அடுப்பு போறணை. இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன வார்த்தைகள். ஆட்டோவில் கண்ணாடிப் பெட்டி வைத்துச் சுடச்சுடப் பாண் ஏற்றிக்கொண்டு, பீத்தோவன் இசையை ஒலிக்கவிட்டுத் தெருத்தெருவாக வருவார்கள். 'சூன் பாண்' என்று பெயர். அந்தப் பாட்டுக் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்களாம். பீத்தோவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம் கிடைக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

* * *

அண்ணே கடைக்கு நான் வாங்கிப் போனது ஒரு நாற்பது பக்க நோட்டு. மூலதனம் அவ்வளவுதான். கவுன்ட்டர் பெண்ணிடம் கொடுத்து, எந்தச் சரக்கு எத்தனை மணிக்குத் தீர்ந்தது, ராத்திரி மூடும்போது எது எத்தனை மிச்சம் என்று தினமும் எழுதச் சொன்னோம். அந்தப் பெண் பிளஸ் டூ. மூன்றாம் நாளே பக்கத்தில் தானாக ஒரு கட்டம் போட்டு, 'கேட்டு இல்லைன்னு போனவங்க' என்று அதையும் எழுத ஆரம்பித்துவிட்டது. எம்.பி.ஏ. புத்தகத்தில் இதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருப்பார்கள்.

ஒரு மாசத்து நோட்டைப் படித்தபோது ஸ்ரீரங்கத்துப் பஞ்சாங்கத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது. ஏகாதசியன்று ஆசாரக்காரர்கள் பேக்கரிப் பக்கமே திரும்பவில்லை. அமாவாசையன்று முட்டை பப்ஸ் அப்படியே கிடந்தது. புரட்டாசி பிறந்ததும் மாசம் முழுக்க அதே கதை. ஆனால் அதே நாட்களில் வெளியூர்க் கூட்டம் வருவதால் சாதா பன்னும் வர்க்கியும் மத்தியானமே தீர்ந்திருந்தது. அதைவிட ஆச்சரியம், அறுபது அயிட்டத்தில் இருபது, இருபத்தைந்துதான் உருப்படியாக விற்றது. மீதியெல்லாம் கண்காட்சி!

அதிகம் மிஞ்சின சரக்கை நிறுத்துவதில் சண்டை வரவில்லை. மாஸ்டரிடம் 'ராத்திரி அடுப்பைப் பகலுக்கு மாத்தணும்' என்று சொன்னபோதுதான் வந்தது.

"மத்தியானம் மாவு பிசையறதா? திருச்சி வெயில் என்னன்னு தெரியுமா சார் உங்களுக்கு? நாப்பது டிகிரில மாவு வெச்சா, நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள பொங்கிப் புளிச்சுத் தொட்டியை விட்டு எறங்கி நடந்து போயிடும்!"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஈஸ்ட் என்பது உயிருள்ள ஜீவன். வெயில் ஏறினால் அதற்கு உற்சாகம் தாங்காது. நல்லவேளையாகப் பரிகாரமும் அவரிடமே இருந்தது. கோடையில் கல்யாண ஆர்டர் வந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைவாராம், ஈஸ்ட்டைக் குறைப்பாராம். "ஒரு நாளைக்குன்னா செய்யலாம். தெனமுமா?" என்று முனகிக்கொண்டே ஒரு வாரம் செய்து பார்த்தார்.

விறகு அடுப்பில் ஒரு அழகு உண்டு. காஸ் மாதிரி திருகினால் ஏறி இறங்காது. எரித்துக் கங்கை வாரி ஒதுக்கியதும் செங்கல் வாங்கிவைத்த சூடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அந்தச் சூடு இறங்குகிற வரிசையில்தான் சரக்கும் உள்ளே போக வேண்டும். முதல் சூட்டில் பப்ஸ், பன், ரொட்டி. அடுத்து கேக். சூடு தணிந்ததும் பிஸ்கட். கடைசியில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பில் ராத்திரி முழுக்க ரஸ்க். இப்போது காலை பதினோரு மணிக்கு அடுப்பு பற்றுகிறது. மூன்றரைக்கு பப்ஸ், நாலேகாலுக்கு பன், ஐந்து மணிக்கு ரொட்டி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற கூட்டத்தின் மூக்கில் நேராகப் போய் ஏறுகிறது வாசனை. விளம்பரச் செலவு பூஜ்யம்!

ஒரு மாசம் கழித்து மாஸ்டரிடம் எப்படி இருக்கிறது என்றேன். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருபத்திரெண்டு வருசம் சார். இப்பத்தான் ராத்திரி வீட்ல படுக்கறேன். என் பொண்ணு எட்டாவது படிக்குதுன்னே நெனச்சிட்டிருந்தேன், ஒம்பதாவதாம்."

டீக்கடைகளுக்குப் போகும் லைன் சரக்கில்தான் அண்ணேவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. காலையில் பன் போட்டுவிட்டு வந்தால், விற்றதற்கு மட்டும் காசு, விற்காதது ரிட்டர்ன், அந்தக் காசும் 'நாளைக்கு வாங்கிக்குங்க'. ஊரில் உள்ள மிச்சமெல்லாம் இவர் கணக்கில்! ரிட்டர்ன் கிடையாது, அதற்குப் பதில் பன்னுக்கு ஐம்பது பைசா குறைவு என்று சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீதிப் பேர் மட்டும் தங்களுக்கு எவ்வளவு விற்கும் என்று முதல் தடவையாக யோசித்து ஆர்டர் சொன்னார்கள். சாக்குமூட்டை இளைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முட்டை விவகாரம் தனி அத்தியாயம். முட்டையை அடியோடு நிறுத்திவிடலாம் என்று அண்ணே ஒரு யோசனை வைத்திருந்தார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஸ்ரீரங்கம் என்றால் வடகலை தென்கலை மட்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவரும், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் காலேஜ் பையனும் முட்டை பப்ஸுக்குத்தான் வருகிறார்கள். பிரச்னை முட்டையில் இல்லை. 'இதுல முட்டை இருக்கா?' என்று கேட்டால் கவுன்ட்டரில் 'தெரியலையே' என்றார்களே, அதில்தான். இப்போது முட்டைச் சரக்குக்குத் தனித் தட்டு, தனி அலமாரி, தனி இடுக்கி. சைவ அலமாரியில் பெரிதாகப் பச்சைப் புள்ளி. அடுத்த வாரமே ஒரு மாமி விசாரணைக் கமிஷன் மாதிரி வந்து நின்றார்.

"ஏண்டாப்பா, முட்டை இல்லேன்னு போட்டிருக்கே, சரி. ஈஸ்ட்னு ஏதோ போடறேளாமே... அது என்ன ஜாதி?"

மாஸ்டர் அரிச்சந்திரன். "காளான் ஜாதி மாமி" என்றார்.

"ராமா! காளானா?"

மாமி போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, பேரன் கேட்கிறான் என்று சொல்லி தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போனார். ஈஸ்ட் போடாத வெண்ணெய் பிஸ்கட் கால் கிலோ, அது தனக்கு!

வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் என் பி.காம். கோபித்துக்கொள்ளும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ரொட்டிக்கு வரியில்லை. அதே ரொட்டியை வெட்டி இன்னொரு தடவை அடுப்பில் வாட்டினால் ரஸ்க், 5 சதவீதம். அதே மாவில் சர்க்கரையைக் கூட்டி கேக் ஆக்கினால் 18 சதவீதம். ஒரே அடுப்பு, மூன்று வரி! 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட்டுக்கும் 5 சதவீதம் ஆகிவிட்டது. கம்பெனி பிஸ்கட்டும் அதே அளவு இறங்கியதால் அண்ணே துள்ளிக் குதிக்கவில்லை. கம்பெனிக்காரன் செய்ய முடியாதது ஒன்றுதான், நாலேகாலுக்கு ஸ்ரீரங்கத்தில் சூடான பன்.

ரஸ்க்கைத்தான் இந்தத் தொழிலின் மகா புத்திசாலிக் கண்டுபிடிப்பு என்பேன். சாயந்திரம் மிஞ்சின ரொட்டியை ராத்திரி எட்டரைக்கு வெட்டி அடுக்கி உள்ளே தள்ளினால், வேறு விறகு வேண்டாம், காலையில் மொறுமொறுவென்று வந்து நிற்கிறது. ஒரு நாள் ஆயுசு உள்ள சரக்கு பல வாரம் தாங்குகிறது. முன்பு ரஸ்க்குக்கென்று தனியாக ரொட்டி சுட்டார்கள். மிஞ்சின ரொட்டி மாட்டுக்குப் போனது! மாஸ்டர் அந்த விஷயத்தில் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார். அன்றைய மிச்சம் அன்றைக்கே ரஸ்க் ஆகவேண்டும், முந்தின நாள் மிச்சத்தைத் தொடமாட்டார். "பழசைக் கலந்தா நாக்கு கண்டுபிடிச்சிடும் சார்."

2025-ல் ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு வைகுண்ட ஏகாதசி. ஜனவரி 10-ல் ஒன்று, டிசம்பர் 30-ல் ஒன்று. ஜனவரியில் கடையை ராத்திரி முழுக்கத் திறந்துவைத்தார்கள். சொர்க்கவாசல் திறக்கக் காத்திருந்த வெளியூர்க்காரர்கள் நடுராத்திரிக்கு மேல் வந்து சாதா பன்னைக் காலி செய்துவிட்டார்கள். 'உள்ளூர்க்காரங்க கேப்பாங்க' என்று சுட்ட ரொட்டி அப்படியே நின்றது. நோட்டில் அந்தப் பக்கத்துக்கு அந்தப் பெண் சிவப்பு மையில் கோடு போட்டுவைத்திருந்தது. டிசம்பரில் அந்தப் பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டுதான் மாவே அளந்தார்கள். பன் மூன்று மடங்கு, ரொட்டி பாதி. மறுநாள் துவாதசி காலையில் பார்த்தேன். தட்டுகள் காலி. அண்ணேவுக்கு அலமாரி காலியாக இருந்ததில் இப்போது வெட்கமில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மைதா ஏறுகிறது, வனஸ்பதி ஏறுகிறது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வளையல் நாலில் இரண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் பையன் லீவில் வந்தவன், விறகையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு கரண்ட்டில் ஓடும் ரோட்டரி ஓவன் வாங்கலாம், லோன் கிடைக்கும் என்று ஒரு கொட்டேஷனை நீட்டினான். அண்ணேவுக்கும் உள்ளூர ஆசைதான். மாஸ்டர் வாயே திறக்கவில்லை. கொட்டேஷன் நாலாக மடித்துக் கல்லாப்பெட்டியில், நோட்டுக்கு அடியில் கிடக்கிறது.

"ஆரம் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள் அண்ணி.